சாமிக்கா, குழம்புக்கா?

விதையை வீட்டுக்குள் முளைக்கவைக்கச் சொல்லித்தரும் காணொளிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சின்ன எரிச்சல் வருவதுண்டு. முட்டை ஓட்டில் தக்காளி, கழிப்பறைத் தாள் சுற்றிவரும் அட்டைக் குழலில் பீன்ஸ், சன்னல் திட்டில் வரிசையாகத் தயிர்க் கிண்ணங்கள் என்று எல்லாம் பார்வைக்கு அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் அவை குளிர்நாட்டு வீடுகளில் பிறந்த வழக்கங்கள். அங்கே கடைசி உறைபனி நீங்குவதற்கு ஏப்ரலோ மேயோ ஆகிவிடும். அதுவரை வெளியில் எதையும் நட முடியாது. ஆகவே ஆறு, எட்டு வாரங்களுக்கு முன்பே கதகதப்பான அறைக்குள் நாற்றுவிட்டுக் கோடைக்காகக் காத்திருக்கிறார்கள். மதுரையில் மாடித்தோட்டம் போடுகிறவருக்கு உறைபனி இருப்பது ஃபிரிட்ஜின் மேல்தட்டில் மட்டும்தான். விதைத் தட்டுக்கு அடியில் வெப்ப விரிப்பு போடுங்கள் என்ற அறிவுரையைக் கேட்டால், மே மாத மொட்டை மாடியில் செருப்பில்லாமல் நான்கு அடி நடந்து பாருங்கள் என்று பதில் சொல்லத் தோன்றுகிறது.

அப்படியானால் நம் ஊரில் விதையை வீட்டுக்குள் வைக்கவே வேண்டாமா என்றால், வேண்டும், காரணம்தான் வேறு. ஆடிப்பட்டத்தில் நாற்று நட வேண்டுமானால் விதை ஆனியிலேயே விழுந்தாக வேண்டும். தக்காளி நாற்று 25 நாளில் நடவுக்கு வந்துவிடும், கத்தரிக்கு 30 முதல் 35 நாள், மிளகாய் 40 நாள் வரை இழுக்கும். அந்த நாள்களில் தென்மேற்குக் காற்று மாடியில் வைத்த தட்டின் மேல்மண்ணை ஒரே பகலில் பொடியாக்கிவிடும். வெயில் 35 டிகிரியைத் தாண்டினால் தக்காளி விதை முளைப்பதற்கே தயங்கும். அதைத் தவறவிட்டுப் புரட்டாசிக்கு விதைத்தால் ஐப்பசி மழையின் முதல் அறையிலேயே விதைகள் மண்ணோடு தெறித்துப் பக்கத்துத் தொட்டியில் விழுந்து கிடக்கும். அணில், மைனா, புறா ஆகியவை தனி. இவை எல்லாவற்றையும் விடப் பெரிய திருடன் எறும்புதான். தண்டங்கீரை விதையை மாலையில் தூவிவிட்டு மறுநாள் காலை போய்ப் பார்த்தால், சுவரோரமாக ஒரு கறுப்புக் கோடு நகர்ந்துகொண்டிருக்கும். ஒவ்வொன்றின் வாயிலும் நம்முடைய விதை இருக்கும். பாட்டிமார் வெல்லத் தூக்கையும் பால் பாத்திரத்தையும் தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்தின் நடுவில் வைத்தார்களே, அந்த ஏற்பாட்டை விதைத் தட்டுக்கும் செய்ய வேண்டும். தாம்பாளத்தில் தண்ணீர், அதில் கவிழ்த்துவைத்த ஒரு கிண்ணம், அதன்மேல் விதைத் தட்டு. இதைத் தினம் கவனிப்பதற்குச் சமையலறையைவிடத் தோதான இடம் வேறில்லை.

துளையும் ஆழமும்

எதில் விதைப்பது என்பதற்குப் பணம் செலவழிக்கத் தேவையே இல்லை என்ற கட்சியில்தான் நானும் இருக்கிறேன். ஆனால் ஓட்டை உடைசல் எல்லாம் நாற்றுக்கு ஆகும் என்பதை ஏற்க மாட்டேன். பாத்திரத்திடம் கேட்க வேண்டியவை இரண்டுதான்: அடியில் தண்ணீர் வெளியேற வழி இருக்கிறதா, வேர் மூன்று நான்கு வாரம் கீழே போக ஆழம் இருக்கிறதா. இந்தக் கணக்கில் முட்டை ஓடு தேறாது. அதை உடையாமல் துளைப்பதே ஒரு கலை. துளைத்தாலும் அது கொள்ளும் மண் இரண்டு மூன்று மேசைக்கரண்டிதான். ஒட்டன்சத்திரம் பக்கத்து நாற்றுப் பண்ணைகளில் 98 குழிகள் கொண்ட குழித்தட்டில்தானே வளர்க்கிறார்கள், அந்தக் குழி முட்டை ஓட்டைவிடச் சிறியதாயிற்றே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அங்கே 98 குழிகளும் ஒன்றையொன்று ஒட்டி நின்று ஈரத்தைக் காத்துக்கொள்கின்றன, மேலே நிழல்வலை இருக்கிறது, கையில் பூவாளியுடன் ஓர் ஆள் இருக்கிறார். நம் வீட்டில் முட்டை ஓடு தனியாகச் சன்னலில் உட்கார்ந்திருக்கிறது. நாம் அலுவலகத்துக்குப் போய்விடுகிறோம்.

என்னைக் கேட்டால் நம் வீடுகளில் கிடைப்பவற்றுள் சிரட்டைதான் முதல் தரம். தேங்காயின் மூன்று கண்களில் ஒன்று மற்ற இரண்டையும்விட மென்மையாக இருக்கும். தென்னங்கன்றின் முளை வெளியே வருவதும் அந்த வழியாகத்தான். கோணி ஊசியோ ஸ்க்ரூடிரைவரோ கொண்டு அந்தக் கண்ணைக் குத்தினால் ஒரு நொடியில் துளை விழுந்துவிடும். கண் உள்ள பாதியில் விதைப்பது, கண் இல்லாத பாதியை அதற்கு அடியில் வடிதட்டாக வைப்பது என்று வைத்துக்கொண்டால் ஒரு தேங்காயில் ஒரு தொகுதி முழுமையாகிவிடுகிறது. உள்ளே ஒட்டியிருக்கும் தேங்காய்த் துருவலை மட்டும் நன்றாகச் சுரண்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் பூசணமும் எறும்பும் சேர்ந்து வரும். அடுத்தது அரை லிட்டர் பால் கவர். ஒரு மூலையில் துளி வெட்டிப் பாலை ஊற்றும் பழக்கத்தை விட்டுவிட்டு, மேல்விளிம்பை முழுமையாக வெட்டிக் கழுவிக் காயவைத்து, அடியில் சூடான ஊசியால் ஆறேழு துளை போட்டால் நாற்றுப் பண்ணைக்காரர் விற்கும் கறுப்புப் பைக்கு அது எந்த விதத்திலும் குறைந்ததில்லை. கோவில் பிரசாதம் வாங்கிவந்த தொன்னையும் நல்லது. நாலைந்தைத் தோளோடு தோள் ஒட்ட ஒரு தட்டில் நிறுத்தினால் நாற்று நடவுக்கு வரும் வரை தாக்குப்பிடிக்கும், பிறகு அப்படியே மண்ணுக்குள் இறக்கிவிடலாம்.

தேநீர்க் காகிதக் கப்பை மட்டும் அப்படி இறக்கிவிடக் கூடாது. உள்பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது, அது மட்காது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பொருள்களின் பட்டியலில் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் உண்டு என்றாலும், டீக்கடை வாசலில் அதற்குப் பஞ்சமில்லை. பொறுக்கி வந்தால் நாற்றுக்குப் பயன்படுத்திவிட்டுக் கிழித்தெடுத்துத்தான் நட வேண்டும். செய்தித்தாளை டம்ளரின் மேல் சுற்றி அடியை மடித்துச் செய்யும் கூடு, பீர்க்கு, புடலை, பாகல் போன்ற கொடிகளுக்குப் பொருத்தமானது. இவற்றுக்கு வேரைத் தொட்டால் பிடிக்காது, தாளோடு நட்டுவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. நடும்போது தாளின் மேல்விளிம்பு மண்ணுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நீட்டிக்கொண்டிருந்தால் விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் அது உள்ளேயிருக்கும் ஈரத்தை இழுத்துக் காற்றில் விட்டுவிடும். வெண்டை, அவரை, கொத்தவரை, முள்ளங்கி ஆகியவற்றை இந்தப் பாடு எதற்கும் உட்படுத்த வேண்டாம், நேரடியாகத் தொட்டியில் ஊன்றிவிடுவதே முறை. அட்டைக் குழலில் பீன்ஸ் வளர்ப்பவர்களின் மேல் எனக்கு இருக்கும் வருத்தம் அதுதான்: செய்யத் தேவையில்லாத வேலையை அழகாகச் செய்கிறார்கள்.

மண்ணைப் பொறுத்தவரை, தென்னைநார்க் கழிவு ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, சலித்த செம்மண் ஒரு பங்கு என்பது எல்லோருக்கும் தெரிந்த கலவை. கயிற்றுத் தொழில் நடக்கும் ஊர்களிலிருந்து நேரடியாக அள்ளி வந்த நார்க் கழிவாக இருந்தால் அதில் உப்பும் துவர்ப்பும் இருக்கும். ஊறவைத்த தண்ணீர் தேநீர் நிறம் மாறித் தெளியும் வரை இரண்டு மூன்று முறை அலசிப் பிழிய வேண்டும். சலிப்பதற்கு மாவுச் சல்லடையை எடுத்தால் வீட்டில் என்ன நடக்கும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

அத்தையின் கேள்வி

இவ்வளவும் பாத்திரப் பேச்சு. பல காலம் நானும் இந்தப் பேச்சோடுதான் நின்றிருந்தேன். அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கண் காட்டுவதற்காக அத்தை வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்தபோது, எதிர்வீட்டு அக்கா தம் விதைத் தட்டைக் காட்டுவதற்கு எங்கள் இருவரையும் கூப்பிட்டார். கூடத்துச் சன்னல் திட்டில் முப்பது குழி முட்டை அட்டையில் தக்காளி முளைத்திருந்தது. ஏறக்குறைய எல்லாக் குழியிலும் முளை. ஒவ்வொன்றும் விரல் நீளத்துக்கு நெடுநெடுவென்று நின்றது. வெளிர்பச்சை நிறம், தண்டு நூல்போல் மெலிந்து மினுமினுத்தது. அக்காவுக்கு அந்த உயரம் பெருமையாக இருந்தது. அத்தை சற்றுக் குனிந்து பார்த்துவிட்டு, "ஏத்தா, இது சாமிக்கா, கொழம்புக்கா?" என்று கேட்டார்.

அக்காவுக்குப் புரியவில்லை. "தக்காளிங்கம்மா, ஆடிக்கு மாடியில வைக்கப் போறேன்" என்றார். "கொழம்புக்குன்னா இதுக்கு எதுக்கு இருட்டு? சாமிக்கில்ல நாங்க இருட்டுல வைப்போம்" என்று சொல்லிக்கொண்டே அத்தை அட்டையை அப்படியே அரைவட்டம் திருப்பி வைத்தார். அதுவரை நேராக நிற்பதாகத் தோன்றிய செடிகள் அத்தனையும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தது அப்போதுதான் தெரிந்தது. சன்னலை நோக்கிச் சாய்ந்தவை இப்போது எங்களை நோக்கிச் சாய்ந்து நின்றன. ஒரு முளையைக் கட்டைவிரல் நகத்தால் கெல்லி எடுத்து உள்ளங்கையில் கிடத்தினார். வேர் இருந்தது விதைநீளம், தண்டு இருந்தது விரல்நீளம். "கண்ணு பூரா அங்கிட்டுத்தான் இருக்கு, நீ இங்கிட்டு வச்சிருக்க. கிள்ளிப் போட்டுட்டு மறுபடி போடு தாயி" என்றார். அக்காவின் முகம் வாடிவிட்டது. அத்தைக்கு அது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை, காப்பி குடிக்க வந்துவிட்டார்.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நம் ஊரில் வீட்டுப் பாத்திரத்தில், வீட்டுக்குள், விதையை முளைக்கவைக்கும் வழக்கம் இல்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். காணொளிகளின் மேல் எனக்கிருந்த எரிச்சலுக்கு அதுவே அடிப்படை. ஆனால் தெற்கத்தி மாவட்டங்களில் மாரியம்மன், காளியம்மன் கோவில் பொங்கல் நடக்கும் ஊர் ஒவ்வொன்றிலும் அது நடந்துகொண்டுதான் இருக்கிறது. பழைய மண்சட்டியோ, அடி விட்டுப்போன ஈயப் பாத்திரமோ, மூங்கில் தட்டோ எடுத்து, அடியில் வைக்கோல் பரப்பி, மேலே கரம்பை மண்ணும் தூளாக்கிய காய்ந்த சாணமும் போட்டு, ஊறவைத்த நவதானியத்தைத் தூவி, முளைப்பாரி வீட்டின் இருட்டறையில் வைத்துவிடுகிறார்கள். விரதமிருக்கும் பெண்கள் மட்டும் உள்ளே போய்த் தண்ணீர் தெளிக்கிறார்கள். மாலையில் கும்மி கொட்டுகிறார்கள். ஏழாம் நாளோ ஒன்பதாம் நாளோ அது வெளியே வரும்போது முழ உயரம் வளர்ந்து, தங்க மஞ்சள் நிறத்தில், தலையில் தூக்கி நடக்கும் நடைக்கு ஏற்ப அசைந்துகொண்டிருக்கும். எந்தச் சட்டி நன்றாக வளர்ந்திருக்கிறது என்பதில் ஊரின் விளைச்சலுக்கான சகுனமும் பார்ப்பார்கள். அந்த நெட்டை, அந்த மஞ்சள், அந்த மென்மை எல்லாம் அங்கே வேண்டியே வரவழைக்கப்படுபவை. ஊர்வலம் முடிந்து ஊருணியில் கரைக்கப்படும் வரை நின்றால் அதற்குப் போதும்.

அத்தை தம் வாழ்நாளில் எத்தனையோ முறை முளைப்பாரி போட்டவர். அவருக்கு வீட்டுக்குள் முளைத்த விதை என்றால் அது என்ன கதியை அடையும் என்பது கைப்பழக்கமாகத் தெரிந்திருக்கிறது. முளைப்பாரிச் சட்டியிலுள்ள மொச்சையும் தட்டாம்பயறும் ஒன்பது நாள் இருட்டில் வளர்வதற்குக் காரணம், அந்தப் பருத்த விதையிலைகளுக்குள் கட்டிவைத்திருக்கும் உணவுதான். வெளிச்சத்தைத் தேடி நீள்வதற்குத்தான் முளை அந்தச் சேமிப்பைச் செலவழிக்கிறது; வெளிச்சம் படாதவரை பச்சையம் உருவாகாது, புதிய வரவும் இல்லை. ஒரு கிராம் தக்காளி விதையில் ஏறக்குறைய 300 விதைகள் இருக்கும். ஒரு மொச்சைப் பருப்பில் நூறு தக்காளி விதையின் எடை உண்டு. மொச்சை ஒன்பது நாள் தாங்கும் இருட்டைத் தக்காளி இரண்டு நாள்கூடத் தாங்காது. விதையிலை விரிந்த அன்றே அது உழைத்துச் சாப்பிட்டாக வேண்டும். வீட்டின் பங்கு விதை திறக்கும் வரைதான் என்று நான் இப்போது உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் இதுவே. ஈரத்துணியில் பயறு முளைகட்டத் தெரிந்த எந்தச் சமையலறைக்கும் விதையைத் திறக்கவைக்கத் தெரியும். அதற்கு அடுத்த மூன்று வாரம்தான் நாற்றுவிடுதல், அதைச் சமையலறையால் செய்ய முடியாது.

வெளிச்சத்துக்கு ஆகும் செலவு

கூடத்துச் சன்னல் நம் கண்ணுக்கு வெளிச்சமாகத்தான் தெரிகிறது. கண் ஏமாறும். நண்பகல் வெட்டவெளியில் ஒளியின் அளவு ஒரு லட்சம் லக்ஸை ஒட்டி இருக்கும். பகல் வெளிச்சத்தில் செய்தித்தாள் படிக்கப் போதுமான ஒரு அறையின் நடுவில் அது சில நூறுதான். நம் அடுக்கக வீடுகளின் சன்னலுக்கு மேலே வெயில் தடுப்பாக ஒரு சன்ஷேடு நீட்டிக்கொண்டிருக்கும், உள்ளே கொசுவலை அடித்திருக்கும், கம்பிக்கு வெளியே துணி காயும். எல்லாவற்றையும் கடந்து ஒரே பக்கத்திலிருந்து வரும் மிச்சத்தை நோக்கித்தான் அந்த நாற்றுகள் சாய்ந்திருந்தன. ஆகவே நான் கைக்கொள்ளும் ஒழுங்கு இது: விதைத்த தட்டைச் சமையலறை மேடையில், தண்ணீர்த் தாம்பாளத்தில், மேலே ஈரத்துணி போட்டு வைப்பது, தக்காளியானால் நான்காம் நாளிலிருந்து, கத்தரியானால் ஆறாம் நாளிலிருந்து, மிளகாயானால் எட்டாம் நாளிலிருந்து காலை, மாலை துணியை நீக்கிப் பார்ப்பது, மண்ணில் முதல் வளைவு தலைகாட்டியதும் எல்லாம் முளைக்கட்டும் என்று காத்திராமல் அன்றைக்கே துணியை எடுத்துவிட்டு, கிழக்குப் பார்த்த பால்கனியில் காலை ஒன்பது மணி வரை வெயில் படும் இடத்தில் வைத்து, பிறகு நிழலான வெளிச்சத்துக்கு நகர்த்துவது. இரண்டாம் வாரத்தில் பத்து மணி, மூன்றாம் வாரத்தில் பதினொன்று என்று வெயிலுக்குப் பழக்கினால் நடவு நாளில் நாற்று துவளாது. பால்கனி மேற்குப் பார்த்தோ அடைபட்டோ இருந்தால் 20 வாட் எல்இடி குழல்விளக்கு ஒன்றை நாற்றுக்கு ஒரு சாண் உயரத்தில் தொங்கவிட்டுத் தினம் 14 மணி நேரம் எரிக்கலாம். மூன்று வாரத்துக்குக் கணக்குப் பார்த்தால் ஆறு யூனிட்டுக்குள் முடிந்துவிடும்.

வெளிச்சக் குறைவுக்கு ஒரு கூட்டாளி உண்டு, நாற்றழுகல். காலையில் நிமிர்ந்து நின்ற முளை மாலையில் மண்மட்டத்தில் கழுத்து சுருங்கி, அறுத்துப் போட்டதுபோல் படுத்துக் கிடக்கும். மறுநாள் சுற்றிலும் ஒரு வட்டமாகச் சாயும். பித்தியம் போன்ற மண்வழிப் பூசணங்கள் செய்யும் வேலை இது, ஈரமும் காற்றோட்டக் குறைவும் அவற்றுக்கு விருந்து. கேக் வாங்கிவந்த ஒளிபுகும் டப்பாவை மூடி வைத்தால் குட்டிப் பசுமைக்குடில் என்று சொல்லித்தருகிறார்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் முளைத்த பிறகும் அந்த மூடியைத் திறக்காமல் வைத்திருப்பது நாற்றழுகலுக்குச் சீர் வைத்து அழைப்பதாகும். விதையை டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூசணப் பொடியில் புரட்டி விதைப்பது நல்லது; ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் என்பது பரிந்துரை, நம் கையளவு விதைக்கு ஒரு சிட்டிகையின் நுனி போதும். அதைவிட முக்கியம் தண்ணீர் விடும் முறை. மேலிருந்து ஊற்றாமல், தட்டில் ஒரு விரற்கடை தண்ணீர் வைத்து அதில் சிரட்டையை அரைமணி நேரம் நிறுத்தி எடுத்தால், மேல்மண் உலர்ந்தும் அடிமண் நனைந்தும் இருக்கும், வேரும் தண்ணீரைத் தேடிக் கீழே போகும்.

விதையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடையில் வாங்கிய தக்காளியைப் பிழிந்து விதைப்பவர்கள் பலர். முளைக்கும், காய்க்கவும் செய்யும். ஆனால் சந்தைக்கு வருவதில் பெரும்பங்கு வீரிய ஒட்டுரகம் என்பதால் தாயைப் போலப் பிள்ளை இருக்காது. பெரியகுளத்துப் பி.கே.எம். 1 தக்காளி, கோவில்பட்டிக் கே 1 மிளகாய், பாலூர் 1 கத்தரி போன்ற ரகங்களின் விதையை ஒருமுறை வாங்கிவிட்டால் பிறகு நம் செடியிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். பாத்திரத்தில் மிச்சம் பிடித்த காசை இதில் செலவழிப்பது தகும்.

எதிர்வீட்டு அக்காவின் தக்காளி விஷயத்தில் மட்டும் அத்தையோடு நான் உடன்படவில்லை. தக்காளித் தண்டின் எந்தப் பகுதி ஈரமண்ணுக்குள் போனாலும் அங்கிருந்து வேர் விடும். நெட்டையாகிவிட்ட நாற்றை விதையிலைக்கு அடிவரை புதைத்து நட்டால் அதுவரை குறையாக இருந்த நீளமே வேராக மாறிவிடும். அக்காவிடம் அதைச் சொன்னேன். மறுநாள் மாலை வெயில் இறங்கியதும் அரை லிட்டர் பால் கவர்களில் பாதி உயரத்துக்குக் கலவையை நிரப்பி, முட்டை அட்டையைக் குழி குழியாகக் கிழித்து, நாற்றை அட்டைத் துண்டோடு இறக்கி, விதையிலை மட்டும் வெளியே தெரிய மேலும் மண்ணிட்டு நிரப்பினோம். முதல் இரண்டு நாள் நிழலில் வைத்துவிட்டுப் பிறகு காலை வெயிலுக்குக் கொண்டுபோனார். சில மடங்கிச் செத்தன, பெரும்பாலானவை பிழைத்து, இரண்டு வாரத்தில் பென்சில் தண்டோடு கரும்பச்சையாக நின்றன. கத்தரிக்கும் மிளகாய்க்கும் இந்தச் சலுகையை நம்பக் கூடாது. அவற்றின் தண்டு தக்காளியைப் போல வேர் விடுவதில்லை, ஆழப் புதைத்தால் கழுத்து அழுகுவதே அதிகம். அவை நெட்டையாகிவிட்டால் அத்தை சொன்னபடி கிள்ளிப் போட்டுவிட்டு மறுபடி விதைக்க வேண்டியதுதான். ஆனி முடியச் சில நாள் மிச்சமிருந்தால் கத்தரி ஆடிக்கடைசிக்குள் நடவுக்கு வந்துவிடும், மிளகாயைப் புரட்டாசிப் பட்டத்துக்குத் தள்ளிக்கொள்ளலாம்.